எக்கோவில் 35 சதவீதம் என்றால் இதயச் செயலிழப்பு எவ்வளவு தீவிரம்?

"அப்பாவுக்கு எக்கோ எனும் இதய ஸ்கேனில் இஎஃப் 35 சதவீதம். இதயம் 35 சதவீதம்தான் வேலை செய்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதே இஎஃப் என்ற அந்த எண். நல்ல இதயமே நூறு சதவீதமும் தள்ளாது. சுமார் 55 முதல் 70 வரைதான். 40, அதற்குக் கீழே என்றால் குறைவு.

ஆனால் இதை மட்டும் வைத்துத் தீவிரத்தைச் சொல்ல முடியாது. 30 உள்ளவர் சாதாரணமாக மாடி ஏறுவார். 60 உள்ளவர் படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தே தூங்குவார். இதயம் சுருங்குவது சரி, தளர்ந்து விரிவதில் கோளாறு என்றால் அப்படித்தான்.

அதனால்தான் "என்ன செய்தால் மூச்சு வாங்குகிறது?" என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பார். நியூயார்க் இதயச் சங்கத்தின் நான்கு வகுப்புகளும் அந்தப் பதிலை வைத்துத்தான். தொந்தரவே இல்லை என்றால் ஒன்று. வழக்கமான வேலையில் வந்தால் இரண்டு. உடை மாற்றவே திணறினால் மூன்று. சும்மா இருக்கும்போதும் என்றால் நான்கு. மருந்து பிடித்துக்கொண்டால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கலாம். இதில் ஓர் ஓட்டை உண்டு: மூச்சு வாங்கும் என்று நடப்பதையே விட்டவர் "நன்றாக இருக்கிறேன்" என்பார்! அங்கே 6 நிமிட நடைச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும். 300 மீட்டர்கூட நடக்க முடியாவிட்டால் கவனம் தேவை.

அப்புறம், ரத்தத்தில் பிஎன்பி என்ற ஹார்மோனின் அளவு. இதயச் சுவர் இழுபட்டால் இது கூடும். சிறுநீரகக் கோளாறிலும் கூடும், உடல் பருமனில் குறைத்துக் காட்டும்.

வீட்டில் தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது பெரும்பாலும் நீர். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.