மதியம் இரண்டு மணிக் கச்சேரி

வணக்கம்.

எனக்கு 53 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சென்ற ஜூனில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். கடன் இல்லை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். வட்டியில் மாதச் செலவு ஓடிவிடும். பி.எஃப்.-ஓடு சேர்ந்து வரும் இபிஎஸ் பென்ஷனை 58 வயது வரை தொடுவதாக இல்லை. மனைவி பள்ளி ஆசிரியை, அவளுக்கு இன்னும் சில வருடம் சர்வீஸ் இருக்கிறது.

வேலையில் இருந்தபோது டிசம்பர் என்றால் எனக்கு உயிர். மிச்சமிருக்கும் லீவையெல்லாம் சேர்த்து வைத்துக் கடைசி வாரத்தில் எடுப்பேன். நாலு கச்சேரி, கேன்டீன் சாப்பாடு, அப்புறம் ஜனவரியில் புத்தகக் கண்காட்சிக்கு ஒரு ஞாயிறு. இந்த வருடம் மாதம் முழுக்க என்னுடையது. ஆனால் அந்தக் குதூகலம் வரவில்லை. எல்லா நாளும் லீவு என்றால் லீவு ஏது? மனைவி காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் வேறு, "சும்மாதானே இருக்கீங்க" என்று ஆரம்பித்து ஏதாவது வேலை சொல்கிறார்கள். ஓய்வை அவசரப்பட்டு எடுத்துவிட்டேனா?

கே., மேற்கு மாம்பலம்

அன்புள்ள கே.,

அவசரப்பட்டீர்களா என்பதை முதல் டிசம்பரை வைத்துச் சொல்ல முடியாது. கணக்குப் பார்த்துத்தான் வெளியே வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இபிஎஸ் பென்ஷனை 50 வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம். ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். அது தெரிந்து கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர் அவசரக்காரராக இருக்க முடியாது. மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆபீஸ் குரூப் பாலிசி போன கையோடு சொந்தமாக ஒன்று எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எடுக்கவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

சரி, குதூகலத்துக்கு வருவோம். திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம். இத்தனை வருடம் நீங்கள் தின்றது அது. மேனேஜரிடம் கேட்டு, கெஞ்சி, "29-ஆம் தேதி மட்டும் வந்துட்டுப் போயிடுங்க" என்ற பேரத்தையும் தாண்டி வாங்கிய நாலு நாள். இப்போது தோப்பே உங்களுடையது. அந்த ருசி இனி வராது. அதைத் தேடிக்கொண்டு இருந்தால் இந்த மாதமும் கையை விட்டுப் போய்விடும்.

ஓய்வு பெற்றவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, அவருக்காகக் காத்திருக்காத காரியங்கள்தான் குறைவு. பாங்க்குக்கு நாளைக்குப் போகலாம், அலமாரியை அடுத்த வாரம் ஒழிக்கலாம். எதைத் தள்ளிப்போட்டாலும் கேட்பாரில்லை. மார்கழி அப்படி இல்லை. திருப்பாவை நாளுக்கு ஒன்றாக முப்பது பாசுரம். பத்தாவது பாசுரத்தன்று எழுந்திருக்க முடியவில்லை என்றால் அது போனதுதான், அடுத்த நாள் பதினொன்று வந்துவிடும். உங்கள் பேட்டை கோதண்டராமர் கோயிலுக்கு விடிவதற்கு முன் போனால் சூடாக ஒரு கை பொங்கல் கிடைக்கும். எட்டு மணிக்கு நிதானமாகப் போனால் காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு வரலாம். கச்சேரி இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு ஸ்ருதி சேர்த்துவிடுவார்கள். ஆபீஸை விட்டபின் உங்களிடம் இல்லாமல் போனது இந்தக் கறார்தான். அதை இந்த மாதம் சும்மா கொடுக்கிறது. போதாக்குறைக்கு மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் மண்டபமாக மொய்க் கவரோடு அலைய வேண்டியதில்லை. தை பிறந்ததும் பத்திரிகைகள் வர ஆரம்பித்துவிடும், அதற்குள் அனுபவித்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் போல லீவு எடுத்து வருகிறவர்களை நம்பி வளர்ந்ததுதான் இந்த சீசனே. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து அடுத்த வருடம் பிறந்தது மியூசிக் அகாடமி. கிறிஸ்துமஸுக்குக் கோர்ட்டும் அரசாங்க ஆபீஸ்களும் மூடியிருக்கும், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் ஓய்வாக இருப்பார்கள், வெளியூர்க்காரர்களும் வந்து தங்கலாம். டிசம்பர் கடைசி நிலைபெற்றதற்கு அந்த வசதி ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கும் மாலைக் கச்சேரிகள் சம்பளக்காரர்களுக்காக வைத்தவை. பெரிய பெயர், பெரிய டிக்கெட், பார்க்கிங் சண்டை. நீங்கள் பார்த்த நாலு கச்சேரியும் அந்த ரகமாகத்தான் இருந்திருக்கும்.

மதியக் கச்சேரி வேறு உலகம். பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. மேடையில் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்ணோ பையனோ. முன்வரிசையில் அப்பா, அம்மா, குரு, மொபைலை நீட்டிக்கொண்டு ஒரு சித்தி. அவர்களுக்குப் பின்னால் நாலு வரிசை தள்ளி உண்மையான ரசிகர்கள்: எந்த ராகம், எந்தக் கீர்த்தனை என்று சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, தாளம் ஒரு இழை தவறினால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர்கள். ஒன்றரை மணி நேரம்தான். அதற்குள் வர்ணம் பாடி, ஒரு ராகத்தை விரித்து, நிரவல், ஸ்வரம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், கடைசியில் சின்னதாகத் துக்கடா எல்லாம் முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரு பயம் இருக்கும், ஒரு வெறியும் இருக்கும். பேர் வாங்கிய வித்வான்கள் பலரிடம் இந்த வெறி தணிந்து பல வருடம் ஆகிவிட்டது (இதைச் சொன்னதற்கு எனக்குத் தனியாகக் கடிதங்கள் வரும், வரட்டும்). தோடி ராகத்தைத் தொட்டுவிட்டு எப்படி வெளியே வரப்போகிறான் இந்தப் பையன் என்று கவலைப்பட்டுக்கொண்டே கேட்பதில் உள்ள சுகம் எட்டாம் வரிசை ஆயிரம் ரூபாய் டிக்கெட்டில் கிடையாது.

ஒன்றே ஒன்று, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தவுடன் எழுந்து போகாதீர்கள். அந்த மிருதங்கக்காரப் பையன் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறான். கேன்டீன் எங்கேயும் ஓடிவிடாது.

மாம்பலத்துக்காரருக்கு இதெல்லாம் நடை தூரம். ஸ்டேஷன் ஆகாய நடைமேம்பாலத்தில் ஏறி தி. நகர் பஸ் நிலையத்தில் இறங்கினால், கிருஷ்ண கான சபா, பாரத் கலாச்சார், வாணி மகால் எல்லாமே அந்தப் பக்கம்தான். மயிலாப்பூருக்கு பஸ். 60 வயதானவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, உங்களுக்கு அதற்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. அதுவரை, தினம் சுற்றுவதானால் ஆயிரம் ரூபாய் மாத பாஸ் கட்டுப்படியாகும். ஏசி பஸ்ஸில் செல்லாது. டிசம்பரில் ஏசி எதற்கு? செலவு ஏறுவது கேன்டீனில்தான். இலைச் சாப்பாடு இப்போது கல்யாண விருந்து விலைக்குப் போய்விட்டது. அதை ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு மற்ற நாளில் டிபன், காபி போதும்.

பாட்டே வேண்டாம் என்று தோன்றும் நாளும் வரும். அன்றைக்குப் பள்ளிக்கரணைக்குப் போங்கள். 2022-இல் ராம்சார் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்த இடம், குப்பை மேட்டையும் ஐடி கட்டடங்களையும் தாங்கிக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகளையும் பூநாரைகளையும் ரேடியல் ரோட்டு ஓரத்தில் நின்றே பார்க்கலாம். காலை வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது.

குற்றவுணர்ச்சி விஷயத்தில் உங்களுக்கு ஆறுதல் சொல்வதாக இல்லை. கடிதத்தில் கேன்டீன் வருகிறது, சமையலறை ஓரிடத்திலும் வரவில்லை. நீங்கள் பேப்பர் படிக்கும்போது காபி போடுவது யார், டப்பா கட்டுவது யார்? இன்னும் அவர்தான் என்றால் உங்கள் மனது சரியாகத்தான் உறுத்துகிறது. மருந்தும் எளிது. கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது பாலையும் வாங்கி வந்து டிகாக்‌ஷன் இறக்குங்கள். ரசமும் ஒரு பொரியலும் கற்றுக்கொள்ள மார்கழி முழுக்க வேண்டாம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து அவருக்கு லீவு விட்டதும் இன்னொரு தப்பு செய்யத் தோன்றும்: அவர் கையில் உங்கள் கச்சேரிப் பட்டியலைக் கொடுப்பது. லீவு அவருடையது. திருட்டு மாங்காய் இப்போது அவர் கையில் இருக்கிறது. எட்டு மணி வரை தூங்க வேண்டும் என்றால் தூங்கட்டும். வருகிறேன் என்றால் அந்த ஒரு இலைச் சாப்பாட்டை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு, "பன்னிரண்டிலிருந்து நாலு வரை எனக்குக் கச்சேரி" என்று சொன்னால் போதும். சென்னையில் டிசம்பரில் இதைவிடக் கௌரவமான சாக்கு இல்லை. வைகுண்ட ஏகாதசிக்குத் திருவல்லிக்கேணி கூட்டிப் போகச் சொல்லும் அத்தைகளை மட்டும் தட்டாதீர்கள். ஆனால் ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரி பதவியை யாராவது நீட்டினால், தயவுசெய்து, எந்த மாதமாக இருந்தாலும் வேண்டாம்.

புத்தகக் கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாள்களில் மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். திறந்ததும் உள்ளே போனால் கடைக்காரர்களே உட்காரச் சொல்லிப் பேசுவார்கள், நின்று புரட்ட இடம் இருக்கும். அந்த 10 சதவீதக் கழிவு எல்லா நாளும் ஒன்றுதான். ஞாயிறை வேலைக்குப் போகிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

அன்புடன்.