வெயில் ஊரில் பிள்ளைகளோடு பிரெட்: மாவு ஏன் அமுங்குகிறது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. விடுமுறையில் மூவரும் சேர்ந்து வீட்டிலேயே பிரெட் செய்து பார்த்தோம். குறிப்பில் சொன்னபடி மாவை 2 மணி நேரம் மூடி வைத்தோம். நன்றாகப் பொங்கியது. ஆனால் ஓவனில் வைத்ததும் அமுங்கி, புளிப்பு வாடையோடு கெட்டியாக வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே ஏமாற்றம். எங்கே தப்பு? அவர்களை எந்தெந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்?
– வாசகி, சேலம்

பதில்: அந்த 2 மணி நேரம்தான் காரணம். இணையத்தில் கிடைக்கும் பிரெட் குறிப்புகள் பலவும் 20, 22 டிகிரி இருக்கும் அறைக்காக எழுதப்பட்டவை. சேலத்துக் கோடையில் சமையலறை 34, 35 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் முக்கால் மணி நேரத்திலேயே மாவு இருமடங்காகிவிடும். அதற்கு மேலும் விட்டுவைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். கரியமில வாயுவோடு ஆல்கஹாலும் அமிலமும் சேரும். வாடை அதனால்தான். வாயுவைப் பிடித்து வைத்திருக்கும் குளூட்டன் என்ற புரத வலை இழுபட்டு இழுபட்டுத் தளர்ந்துபோகும், ஓவன் சூட்டைத் தாங்காமல் அமுங்கும். இட்லி மாவைப் போல இரவெல்லாம் வெளியில் விட்டுவைக்கும் சங்கதி இல்லை இது.

அதனால் அடுத்த தடவை கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இந்த வேலைக்குப் பிள்ளைகளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பிசைந்த மாவில் ஓர் எலுமிச்சை அளவு எடுத்து, நேரான கண்ணாடி டம்ளரில் அழுத்தி வையுங்கள். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட், அதற்கு இருமடங்கு உயரத்தில் இன்னொன்று. மாவு மேல் ரப்பர் பேண்டைத் தொட்டதும் மகள் வந்து சொல்ல வேண்டும். டம்ளர் பாத்திரத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும். இதில் நடப்பதுதான் அதிலும் நடக்கும்.

இன்னொன்று, பெரிய பிரெட்டுக்குப் பதிலாக பன் செய்யுங்கள். ஆளுக்கு நாலு என்று பிரித்துக்கொள்ளலாம், ஆமை, முயல் என்று உருவம் பிடிக்கலாம், 15 முதல் 18 நிமிடத்தில் வெந்துவிடும். 8 பன்னுக்கு: மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், பால் 180 மில்லி, வெண்ணெய் 25 கிராம். பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று குறிப்புகள் சொல்லும். நம் கோடையில் தேவையே இல்லை. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். எடை பார்க்கும் பொறுப்பை மகனிடம் விடுங்கள். கப் அளவில் ஒவ்வொரு தடவையும் மாவு கூடும் குறையும், தராசில் அந்தக் குழப்பம் இல்லை.

பிசைவதில்தான் பிள்ளைகள் சோர்ந்து போவார்கள். ஐந்து வயதுக் கை சில நிமிடத்தில் வலிக்க ஆரம்பித்துவிடும். அதற்கு வழி இருக்கிறது. வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கலந்து, 20 நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு குளூட்டன் தானாகவே உருவாகத் தொடங்கும். அப்புறம் வெண்ணெய் சேர்த்து மாற்றி மாற்றி எட்டு நிமிடம் பிசைந்தால் போதும். கையில் ஒட்டுகிறது என்று பிள்ளைகள் மைதாவை அள்ளி அள்ளிப் போடுவார்கள்; பன் கல்லாகிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். மாவுக்குப் பதில் கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிவிடுங்கள். ஒரு துண்டை மெல்ல இழுத்தால் கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிந்தால் பிசைந்தது போதும்.

டம்ளர் சொன்னதும் மாவை அழுத்திக் காற்றை வெளியேற்றி, உருட்டி, எண்ணெய் தடவிய தட்டில் இடம் விட்டு அடுக்குங்கள். இது இரண்டாவது தடவை பொங்க வேண்டும். நம் வெயிலில் 25 நிமிடத்திலிருந்தே கவனிக்க ஆரம்பியுங்கள். விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் சட்டென்று நிரம்பினால் இன்னும் நேரமாகவில்லை. மெல்ல மேலேறி லேசான தடம் தங்கினால் ஓவனுக்குத் தயார். பள்ளம் அப்படியே நின்றால் அளவு மீறிவிட்டது. உடனே மறுபடி உருட்டி வைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

ஓவன் 190 டிகிரியில் முன்பே சூடாக இருக்க வேண்டும். தட்டை உள்ளே வைப்பதும் வெளியே எடுப்பதும் பெரியவர் வேலை மட்டுமே. ஓடிஜி எனும் சிறிய மின் ஓவனின் கண்ணாடியும் பக்கவாட்டுத் தகடும்கூட சுடும். ஆகவே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஐந்தாறு நிமிடத்தில் பன் கண்ணெதிரே எழும்புவதை அவர்கள் தவறவிடக் கூடாது.

பச்சை மாவைக் கிள்ளி வாயில் போடுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். மைதா வேகவைக்காத பொருள், ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். உருட்டி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

கோதுமை மாவில் செய்ய ஆசை இருந்தால் இரண்டாவது, மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பாதி மைதா, பாதி கோதுமை போதும். தவிடு ஈரத்தைக் குடிக்கும் என்பதால் பால் 20 மில்லி கூடுதலாக விடுங்கள். மைதா பன் அளவுக்கு உயரம் வராது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.