டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ரெண்டையும் வீட்லயே நாமளே மாத்தலாமா?

மாத்தலாம். என் வண்டிக்கு நானேதான் மாத்தினேன். ஆனா நீங்க கேட்ட மாதிரி, "ஆயில் மாத்தியிருக்கேன், பிரேக் பேட் மாத்தியிருக்கேன், லட்சம் கிலோமீட்டர் நெருங்குது, இதையும் ஒரு கை பாத்துடலாமா"ன்னு கேட்டா பதில் கொஞ்சம் நீளம். ஏன்னா இந்த வேலை கஷ்டம்னு சொல்ல மாட்டேன், போல்ட்டு கழட்டி போல்ட்டு மாட்றதுதான், ஆனா பிரேக் பேட் மாதிரி தப்பு பண்ணிட்டு அப்புறமா சரி பண்ணிக்கலாம்ங்கற சலுகை இதுல கிடையாது.

முதல்ல உங்க இன்ஜின்ல இருக்கறது பெல்ட்டா செயினான்னு பாருங்க. செயினா இருந்தா இந்தப் பதிலே உங்களுக்குத் தேவையில்ல. பெல்ட்டுன்னா அது வெளிய காஞ்சு ஓடற பெல்ட்டா, இல்ல இன்ஜின் ஆயில்லயே முங்கி ஓடற வெட் பெல்ட்டான்னு பாக்கணும். ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட், பீஜோ சிட்ரோயன்ல வந்த 1.2 ப்யூர்டெக் எல்லாம் இந்த ரெண்டாவது ரகம். அதை முதல் முயற்சியா வீட்ல தொடாதீங்க, அது வேற லெவல் வேலை.

அடுத்து இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜினான்னு தெரிஞ்சுக்கோங்க. கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடற தண்டு) ரெண்டு சுத்து சுத்தினா கேம் (வால்வைத் திறக்கற தண்டு) ஒரு சுத்து சுத்தணும், அந்தக் கணக்கைக் காப்பாத்தறது இந்த ரப்பர் பெல்ட்டுதான். கிராங்க் 3000 ஆர்பிஎம்ல ஓடறப்போ ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 25 தடவை திறந்து மூடுது. இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜின்ல வால்வு கீழ இறங்கற இடமும் பிஸ்டன் மேல வர்ற இடமும் ஒண்ணேதான், நேரம் மட்டும்தான் வேற வேற. பெல்ட்டு அறுந்தா ரெண்டும் மோதி வால்வு வளைஞ்சுடும், சிலிண்டர் ஹெட்டைக் கழட்டாம தீராது. அதனாலதான் பெல்ட்டு பாக்க நல்லாத்தானே இருக்குன்னு தள்ளிப் போடாதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. உள்ள இருக்கற நார் இழை தேஞ்சிருந்தா வெளிய தெரியவே தெரியாது. மேனுவல்ல கிலோமீட்டரும் போட்டிருப்பான் வருஷமும் போட்டிருப்பான், எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு. வண்டி ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகும்.

வாட்டர் பம்ப் எதுக்கு கூடவேன்னு கேட்டிருந்தீங்க. நிறைய இன்ஜின்ல பம்ப்பை சுத்தறதே டைமிங் பெல்ட்டுதான், பம்ப் உக்காந்திருக்கறதும் அந்தக் கவருக்குப் பின்னாடிதான். பம்ப் மட்டும் அப்புறமா ஒழுக ஆரம்பிச்சா மறுபடி அத்தனையும் பிரிக்கணும். அதை விட மோசம், பம்ப் பேரிங் இறுகினா புது பெல்ட்டையும் சேத்து அறுத்துட்டுப் போயிடும். எனக்குக் கவரைக் கழட்டினதும் கண்ணுல பட்டது பம்ப் அடியில இருக்கற சின்ன ஓட்டை, அதுல இருந்து கீழ வரைக்கும் காஞ்சு போன கூலன்ட் கறை ஒரு கோடா ஓடியிருந்துச்சு. உள்ள சீல் போக ஆரம்பிச்சா அந்த ஓட்டை வழியாத்தான் கசியும். ரிசர்வாயர்ல லெவல் குறையாததால நான் பம்ப் நல்லா இருக்குன்னே நினைச்சிட்டிருந்தேன். கிட்டா வாங்குங்க, பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டைத் தொய்யாம இழுத்துப் பிடிக்கறது), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழி காட்டற உருளை), பம்ப் எல்லாம் சேந்தே வரும். பெல்ட்டை மட்டும் மாத்தி பழைய டென்ஷனரை விட்டு வைக்கிறது காசை மிச்சம் பண்ற வேலையே இல்ல. உங்க இன்ஜின்ல பம்ப் வெளிய இருக்கற ஏசி ஆல்டர்னேட்டர் பெல்ட்டுல ஓடுதுன்னா இந்த வாதம் பொருந்தாது, அதை அப்புறம் தனியா பாத்துக்கலாம்.

என்னைக் கேட்டா இந்த வேலை வீட்ல ஆகுமா ஆகாதான்னு முடிவு பண்றது கிராங்க் புல்லி போல்ட்டுதான், அதாவது கிராங்க் முனையில இருக்கற வெளிச் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற போல்ட்டு. மத்ததெல்லாம் பொறுமை இருந்தா வந்துடும், இது மட்டும் வராது. சில இன்ஜின்ல 200 நியூட்டன் மீட்டருக்கு மேல டைட் வெச்சிருப்பான், அதுக்கு மேல வருஷக்கணக்கா சூடாகி ஆறி பிடிச்சுக்கிட்டு இருக்கும், நீங்க பாரை அழுத்தினா போல்ட்டு கழறாம இன்ஜினே சேந்து சுத்தும். அதனால புல்லியைப் பிடிக்கறதுக்கு அந்த மாடலுக்குன்னு இருக்கற ஹோல்டிங் டூல், நீளமான பிரேக்கர் பார், நல்ல ஆறு முனை சாக்கெட், இது மூணும் கையில இல்லாம வண்டியைத் தூக்காதீங்க. கழறும்போது டமார்னு ஒரு சத்தம் வரும், ஏதோ உடைஞ்சு போச்சுன்னு நெஞ்சு அடிச்சுக்கும், அது போல்ட்டு விட்டுக் கொடுத்த சத்தம்தான். பாரை ஃப்ரேம்ல முட்டுக் கொடுத்துட்டு ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினா கழண்டுடும்னு வீடியோவுல காட்றாங்க, பார் நழுவுச்சுன்னா எங்க போய் அடிக்கும்னு யாருக்கும் தெரியாது, அதுவும் பழைய ஹோண்டா சிலதுல இன்ஜின் எதிர்ப்பக்கமா சுத்தும், அங்க இந்த ட்ரிக் போல்ட்டை இன்னும் டைட்தான் பண்ணும். இன்னொண்ணு, கேம் லாக் பண்ற பின்னையே பிடியா வெச்சுக்கிட்டு இந்த போல்ட்டைக் கழட்டப் பாக்காதீங்க. அந்தப் பின் டைமிங் மார்க்கை, அதாவது கேமும் கிராங்கும் சரியான நிலையில இருக்கறதைக் காட்டற குறியைக் காப்பாத்தத்தான் இருக்கு, இந்த பாரம் தாங்காது.

இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும், பேட்டரி நெகட்டிவ் கழட்டியிருக்கணும், வண்டி ஜாக்கி மேல இல்லாம ஜாக் ஸ்டாண்டு மேல நிக்கணும். சில வண்டியில இன்ஜின் மவுன்ட்டே பெல்ட்டு வழியில இருக்கும், அப்போ ஆயில் பேனுக்கு அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கியால இன்ஜினைத் தாங்கிப் பிடிச்சாப் போதும், தூக்க வேண்டாம்.

இனி மார்க். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டா கிராங்க் கையால லேசா சுத்தும். இன்ஜின் ஓடற திசையில மட்டும் சுத்தி ஒண்ணாம் சிலிண்டரை டாப் டெட் சென்டருக்கு, அதாவது பிஸ்டன் உச்சியில நிக்கற இடத்துக்குக் கொண்டு வாங்க. கேம் மார்க் ஒத்து வரலைன்னா இன்னொரு முழு சுத்து. இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க, வெளிப் புல்லியில இருக்கற மார்க் வேற, உள்ள பெல்ட்டு ஓடற பல்சக்கரத்துல இருக்கற மார்க் வேற, புல்லியைக் கழட்டினதுக்கு அப்புறம் உள்ள இருக்கறதைத்தான் பாக்கணும். பழைய பெல்ட்டு மேலயே இருக்கறப்போ வெள்ளை பெயின்ட் மார்க்கர்ல எல்லா மார்க்கையும் நீங்களே ஒரு கோடு போட்டு ஃபோட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க, நேரா முன்னாடி இருந்து எடுங்க, சாஞ்சு எடுத்தா ஒரு பல் தள்ளித் தெரியும். கேமையும் கிராங்கையும் அசையாம பிடிக்கற லாக்கிங் டூல் இருந்தா போட்டுடுங்க. ட்வின் கேம் (ரெண்டு கேம் இருக்கற) இன்ஜின்ல பெல்ட்டை எடுத்ததும் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் சடார்னு திரும்பும், விரலை அந்தப் பக்கம் வைக்காதீங்க. பெல்ட்டு இல்லாத நேரத்துல கிராங்கையோ கேமையோ சுத்தவே கூடாது. கேம், கிராங்க் சீல்ல ஆயில் கசிவு தெரிஞ்சா அதையும் இப்பவே மாத்திடுங்க, ஆயில் பட்டா புது பெல்ட்டும் சீக்கிரம் போயிடும்.

பம்ப் சுலபம். ரேடியேட்டரை வடிச்சிருந்தாலும் பிளாக்குல தங்கினது பம்ப்பை இழுத்ததும் கொட்டும், பெரிய ட்ரே வைங்க. பழைய கேஸ்கெட்டை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சுரண்டுங்க, கத்தி போட்டா அலுமினியத்துல கீறல் விழும், அந்தக் கீறல் வழியாவே ஒழுகும். மேனுவல்ல சொல்லலைன்னா சிலிக்கான் பூசாதீங்க. போல்ட்டெல்லாம் பொடிசு, 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும், பெரிய ராட்செட்ல முறுக்கினா திரெட் கையோட வந்துடும். ஒரு சில இன்ஜின்ல பம்ப்பைத் திருப்பித்தான் பெல்ட்டு டென்ஷனே வைக்கணும், அதைப் பாத்துக்கோங்க.

புது பெல்ட்டை கிராங்க்ல ஆரம்பிச்சு டென்ஷனர் இல்லாத பக்கம் துளி தொய்வு இல்லாம கேம் வரைக்கும் கொண்டு போங்க, மிச்சத் தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கம் வரணும். மடக்காதீங்க, முறுக்காதீங்க, ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பி ஏத்தாதீங்க. ஹைட்ராலிக் டென்ஷனர்னா வைஸ்ல நிக்க வெச்சு மெதுவா அமுக்கி பின் போட்டு மாட்டிட்டு, மார்க் எல்லாம் சரியான அப்புறம்தான் பின்னை உருவணும்.

அப்புறம் லாக்கிங் டூலை எல்லாம் எடுத்துட்டு கிராங்கை கையால முழுசா ரெண்டு சுத்து. எங்கயாவது கட்டியா முட்டுச்சுன்னா அங்கயே நிறுத்துங்க, அது வால்வு பிஸ்டன்ல முட்டற இடமா இருக்கலாம், கையால முட்டினா ஒண்ணும் ஆகாது, ஸ்டார்ட்டரால முட்டினா அவ்வளவுதான். ரெண்டு சுத்து முடிஞ்சு கிராங்க், கேம் பல்சக்கரத்துல இருக்கற மார்க் ஒத்து வரணும். பெல்ட்டு மேல அச்சடிச்ச கோடு ஒத்து வராது, அது நகந்து போயிருக்கும், பதறிப் பிரிச்சுடாதீங்க, மாட்றப்போ உதவிக்குத்தான் அந்தக் கோடு. ஒரு பல் தள்ளியிருந்தா மனசு வரலைன்னாலும் மறுபடி கழட்டி மாட்டுங்க, இல்லன்னா ஐட்லிங் ஆடும், கிராங்கும் கேமும் ஒத்து வரலைன்னு சொல்ற பி0016 எரர் கோட் விழுந்து செக் இன்ஜின் லைட் எரியும்.

கிராங்க் போல்ட்டை புதுசா மாத்தணும்னு மேனுவல் சொன்னா மாத்துங்க, டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) மேல இத்தனை டிகிரின்னு கோணம் கொடுத்திருந்தா அதையும் விடாதீங்க. உங்க இன்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கிடைக்கலைன்னா வேலையையே ஆரம்பிக்காதீங்கன்னுதான் சொல்வேன், வேற மாடல் வீடியோ பாத்து டார்க் வைக்கிறது சரிப்படாது.

ஸ்டார்ட் பண்ணினதும் பெல்ட்டு பக்கம் விசில் மாதிரி ஊளை கேட்டா டைட் ஜாஸ்தி, படபடன்னு அடிச்சா தொய்வு, ரெண்டுக்குமே உடனே ஆஃப் பண்ணிடுங்க. கம்பெனி சொன்ன ரகக் கூலன்ட், கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வெச்சு காத்து போற வரைக்கும் ஐட்லிங்ல விடுங்க, டெம்பரேச்சர் முள்ளு மேல கண்ணு இருக்கட்டும். சூடா இருக்கறப்போ மூடியைத் திறக்காதீங்க, மறுநாள் ஆறின இன்ஜின்ல லெவல் பாத்து நிரப்புங்க. வடிச்ச கூலன்ட் எத்திலீன் கிளைக்கால், தித்திப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா செத்துப் போயிடும், அதனால ட்ரேயை அப்படியே வெளிய விட்டுட்டு வராதீங்க, சாக்கடையிலயும் ஊத்தாதீங்க, மூடி போட்ட கேன்ல அடைச்சு பழைய ஆயில் வாங்கற இடத்துல இதையும் எடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க.