சிறிய கடையின் டேட்டாபேஸைத் தினமும் தானாகவே கிளவுடில் பேக்கப் எடுப்பது எப்படி?

கடைக் கணினியில் உபுண்டு இயங்குதளம், அதில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், ஆள் இல்லாமலே பேக்கப் கிளவுடுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு இதே வேலையைத்தான் செய்கிறேன். வீடு கம்பத்தில், லோயர் கேம்ப் தாண்டி மலையேறிப் போய்வருகிறேன்.

முதலில் நான் பட்ட பாடு. இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி இடியில் கணினியின் டிஸ்க் போய்விட்டது. "கிளவுடில் இருக்கிறது முதலாளி, சாயங்காலத்துக்குள் ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன். தேதி வாரியாக 30 கோப்புகள், ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒவ்வொன்றும் 20 பைட். வெறுமையை ஜிசிப் என்ற சுருக்கும் நிரலில் போட்டால் வரும் அளவு அது.

டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியது நான்தான். பேக்கப் கட்டளைகளை எழுதிவைத்த ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துவிட்டேன். டேட்டாபேஸைக் கோப்பாக எழுதித் தரும் டம்ப் கட்டளை பிழை காட்டி நின்றுவிட, ஜிசிப் தன் பங்குக்கு ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறது. ஒன்று தருவதை அடுத்தது வாங்கும்படி கட்டளைகளைக் குழாயாகக் கோத்தால், கடைசிக் கட்டளை வென்றதா என்று மட்டுமே ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் பார்க்கும். ஸ்கிரிப்டின் தலையில் 'செட் மைனஸ் இஓ பைப்ஃபெயில்' (set -eo pipefail) என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே நின்றிருக்கும். 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் விதியையும் வைத்திருந்தேன். நல்ல கோப்புகள் அப்படிப் போயின.

ஆடிட்டரிடம் மார்ச் மாதப் பிரதி இருந்தது. மீதியைச் சிட்டைகளிலிருந்து தட்டினோம், 19 நாள். கணக்குப்பிள்ளை சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைப்பதை நான் கேலி செய்ததுண்டு. அன்று அவர் கம்பியை என் மேசையில் வைத்து, "இது ஏப்ரல், தம்பி. அடியிலிருந்து எடுங்கள்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது செய்வது இது. மைஎஸ்கியூஎல் டம்ப்பைச் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' (--single-transaction) விருப்பத்தோடு எடுக்கிறேன். அட்டவணைகள் மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான இன்னோடிபி வகை என்றால் பில் போடுவது நிற்காது. கோப்பின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே பார்க்கும், இல்லையென்றால் ஏற்றாது. கிளவுடுக்கு ஏற்றுவதற்கு ஆர்குளோன் (rclone) என்ற நிரல். அதில் 'காப்பி' மட்டும் பயன்படுத்துங்கள். 'சிங்க்' போட்டால் இங்கே காலியான கோப்புறை அங்கேயும் காலியாகும். கடைக் கணினியில் இருக்கும் கிளவுட் சாவிக்கு அழிக்கும் உரிமை வேண்டாம், கோப்பின் பழைய பதிப்புகளையும் காத்து வைக்கும் வெர்ஷனிங்கை இயக்கிவிடுங்கள். பழையதை அழிக்கும் விதியிலிருந்து மாதத்துக்கு ஒரு கோப்பையாவது விலக்கி வையுங்கள்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரானில் எல்லாரும் நள்ளிரவு 2 மணி என்று எழுதுவார்கள். கடை பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் ஊரில் அது ஓடாது. நான் மதியம் ஒன்றரைக்கும் மாலை ஆறரைக்கும் வைத்திருக்கிறேன்.

தோற்றால் மின்னஞ்சல் வரும் என்று நம்பியிருக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் பேக்கப் இருக்கும் என்று பார்த்தால், ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற வகையின் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்த கருவியோ 9.2, பொருந்தாமல் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்கள் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக எடுத்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் எழுதியும் வைத்தார்கள். அதனால் என் ஸ்கிரிப்ட் வென்றால் மட்டும் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைக்கு ஒரு குரல் கொடுக்கும். குரல் வராத நாளில் அந்தச் சேவை என்னை எழுப்பும்.

மாதத்தின் முதல் ஞாயிறு, கிளவுடில் இருப்பதை இறக்கி ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றுகிறேன். கணக்குப்பிள்ளை கம்பியின் மேலிருக்கும் சிட்டையை வாசிப்பார். நான் திரையில் தேடுவேன். முதல் தடவை எண்ணும் எடையும் சரியாக இருந்தன. ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் இருந்த விவசாயிகளின் பெயர்களெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். எங்கிருந்தோ படியெடுத்த டம்ப் கட்டளையில் எழுத்துத்தொகுதி லத்தீன்1 என்று இருந்திருக்கிறது, அதில் தமிழோ மலையாளமோ கிடையாது. அதை எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4 (utf8mb4) என்று மாற்றி, அன்று மாலையே இன்னொரு முறை ஏற்றிப் பார்த்தோம்.