அலகு இல்லாத அளவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆன்லைனில் புத்தக அடுக்கு வாங்கினேன். படத்தில் தடித்தடியான புத்தகங்கள் இருந்தன. அளவு 120 x 80 x 30 என்று மட்டும் போட்டிருந்தார்கள். வந்தது பொம்மை வீட்டுக்கானது. கேட்டால், "அது மில்லிமீட்டர், அளவைத்தான் போட்டிருக்கிறோமே" என்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. பக்கத்தில் அலகு இல்லாவிட்டால் அது வெறும் எண். செ.மீ. என்றால் நெஞ்சளவு உயர அடுக்கு, மி.மீ. என்றால் 12 செ.மீ. பொம்மை. படத்தில் புத்தகங்களை அடுக்கிக் காட்டினால் யாரும் செ.மீ. என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். விளம்பரத்தை இன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அவர்கள் மாற்றிவிடலாம். பொருளின் மேல் அளக்கும் டேப்பை வைத்து போட்டோ எடுங்கள். இரண்டையும் அனுப்பி முழுப் பணத்தையும் கேளுங்கள். பாதி தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இது எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற ஆத்திரம். நான் வாங்கிய திரைச்சீலைக்கு அகலம் 140, நீளம் 2.1, வளைய இடைவெளி 100 என்று போட்டிருந்தார்கள். முதலாவது செ.மீ., அடுத்தது மீட்டர், கடைசியது மி.மீ. ஒரே விளம்பரத்தில் மூன்று அலகு, ஒன்றையும் எழுதவில்லை. இரண்டு எழுத்து சேர்த்துப் போட விற்பவருக்கு என்ன செலவு? அலகு இல்லாத பொருளென்றால் முதலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர்?

பதில்: 1,000.

கேள்வி: வாஷிங் மெஷின் வைக்க 59.5 செ.மீ. இடம் இருக்கிறது. 598 மி.மீ. மெஷின் வாங்கிவிட்டேன், நுழையவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

பதில்: அவர் அளவைச் சரியாகத்தானே எழுதியிருக்கிறார்? 59.5 செ.மீ. என்றால் 595 மி.மீ. பத்தால் பெருக்கிப் பார்த்திருந்தால் 3 மி.மீ. இடிக்கும் என்று பணம் கட்டும் முன்பே தெரிந்திருக்கும். போதாததற்கு, மெஷின் அதிர்வதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடைவெளியும் வேண்டும். தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். உரிமையாகக் கேட்க வழியில்லை.

கேள்வி: மூடி வைக்க பிளாஸ்டிக் ஷீட் தேடினேன். ஒன்று 0.2 மி.மீ., இன்னொன்று 150 மைக்ரான். இரண்டாவதுதான் தடிமன் என்று சொல்லி அதிக விலைக்கு விற்றுவிட்டார்கள்.

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள். 1 மி.மீ. என்பது 1,000 மைக்ரான். அப்படியானால் 0.2 மி.மீ. ஷீட் 200 மைக்ரான். நீங்கள் வாங்கியதுதான் மெலிசு. பில்லோடு போய், கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டித் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: அறை 12 சதுர மீட்டர். அதாவது 1,200 சதுர செ.மீ. 60 x 60 செ.மீ. டைல் ஒன்றே 3,600 வருகிறதே?

பதில்: நீளத்துக்குத்தான் 100. பரப்பளவுக்கு 100 x 100. அதனால் 1 சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ., உங்கள் அறை 1,20,000. 3,600-ஆல் வகுத்தால் 33.3, அதாவது 34 டைல். வெட்டும்போது வீணாவதற்குத் தனியாகச் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: புது டேப்பின் முனைக் கொக்கி லேசாக ஆடுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆடத்தான் வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்டி அளந்தாலும், கொக்கியின் தடிமன் கணக்கில் சேராமலிருக்கத்தான் அந்த ஆட்டம். கோடுகளைச் சோதியுங்கள். நான் வாங்கிய மலிவு டேப் ஒன்று, எஃகு ஸ்கேலோடு ஒட்டி வைத்தபோது ஒரு மீட்டருக்குள்ளேயே 4 மி.மீ. தள்ளி நின்றது. அப்படி இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.