நெட் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான். ஆனால் எதை இறக்கினாலும் நொடிக்கு 11, 12 எம்பிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை, முழுசாகவே வருகிறது. பிளானில் சொல்வது மெகாபிட். கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள், 12.5.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் கட்டுகிறேன். ஹாலில் ரூட்டர், படுக்கையறையில் 18தான். போன் செய்தால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். சண்டைக்குப் போகும் முன் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் செருகுங்கள். வீட்டில் மற்றவர்களைக் கொஞ்ச நேரம் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். காலையில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை வேகத்தைச் சோதித்து எழுதி வையுங்கள். இரவில் மட்டும் சரிந்தால் அவர்கள் பக்கம் நெரிசல். அந்தக் குறிப்போடு புகார் செய்யலாம். எப்போது பார்த்தாலும் 94, 95-இல் நின்றால் ரூட்டரின் போர்ட்டையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். கேபிளுக்குள் இருக்கும் 8 கம்பியும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் வேகம், அதாவது 1000 எம்பிபிஎஸ். ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும்.

கேபிளில் 200 வந்துவிட்டால் குற்றவாளி வைஃபைதான். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து ரூட்டர்களும் அதிலேயே மோதும். அதற்குள் இருக்கும் சேனல்களில் (தடங்களில்) ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை பொதுவாக 1, 6, 11. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் என்றால் சோர்ந்துவிடும். அதனால் ரூட்டரை வீட்டின் நடுவே, உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். நான் இரண்டு வருடம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தவன்! எக்ஸ்டெண்டர் (வைஃபை சிக்னலை வாங்கி மேலும் தூரம் அனுப்பும் கருவி) வாங்கினால், சிக்னல் வராத அறையில் வைக்காதீர்கள். அதற்கும் சிக்னல் கிடைக்க வேண்டுமே, பாதி வழியில் வையுங்கள்.

கேள்வி: ஸ்பீட் டெஸ்டில் 90 வருகிறது. ஆனாலும் மீட்டிங்கில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம்.

பதில்: பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். குரலும் முகமும் போவது அப்லோடில், அதாவது உங்களிடமிருந்து வெளியே அனுப்பும் வழியில். யாராவது போனில் போட்டோ பேக்கப் ஓடவிட்டால் அது நிரம்பி, உங்கள் குரல் ரூட்டரில் வரிசையில் நிற்கும். பேக்கப் ஓடும்போது பிங் (ஒரு தகவல் போய்த் திரும்பி வரும் நேரம்) பாருங்கள். சும்மா இருக்கையில் 20 மில்லிசெகண்ட் இருந்தது 300-க்குத் தாவினால் இதுதான் காரணம். ரூட்டரில் கியூஓஎஸ் (எந்த டேட்டா முன்னால் போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால், அப்லோடை உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்திவிடுங்கள். இல்லையென்றால் பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: டிஎன்எஸ்-ஐ 1.1.1.1 என்று மாற்றினால் வேகம் கூடுமாமே?

பதில்: டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சேவை. அந்தத் தேடும் நேரம் கொஞ்சம் மிச்சமாகலாம். படம் இறங்கும் வேகம் பொதுவாக அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: மாசக் கடைசியில் மட்டும் நெட் நொண்டுகிறது.

பதில்: டேட்டா வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். நெட் கம்பெனி தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள்.