பிடித்த ராணி எறும்பு எந்த இனம்?

கேள்வி: மழை விட்ட மாலையில் திண்ணை விளக்கடியில் சிறகில்லாத பெரிய கறுப்பு எறும்பு ஒன்று கிடைத்தது. நீளம் ஒன்றரை செ.மீ. இருக்கும். ராணிதானா, எந்த இனம்? சர்க்கரை வைத்தும் தொடவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் சர்க்கரையை எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.

அளவை மட்டும் வைத்து ராணி என்று சொல்லிவிட முடியாது. கட்டெறும்பில் பெரிய தலை வேலைக்காரியும் ஒரு செ.மீ.க்கு மேல் வளரும். மார்பைப் பாருங்கள். வேலைக்காரிக்கு அது ஒடுங்கியிருக்கும். ராணிக்குத் திரண்டு மேடிட்டு, பக்கவாட்டில் சிறகு உதிர்ந்த தழும்புகள் தெரியும். உடலெங்கும் கைரேகை போல வரிகளும் இடுப்பில் இரண்டு முள்ளும் இருந்தால் அது டயகாமா என்ற எறும்பு வகை. அந்த இனத்தில் தனி ராணி வகையே கிடையாது.

அடுத்தது இடுப்பு. எறும்பை ஒரு சோதனைக் குழாயில் விட்டு, அதை நான்கைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) வைத்தால் எறும்பு அசைவு குறையும். மில்லிமீட்டர் கட்டமிட்ட தாளில் விட்டு, 10 மடங்கு லென்ஸ் வழியாகப் பக்கவாட்டில், முகத்துக்கு நேரே, மேலிருந்து என மூன்று படம் எடுங்கள். மேலிருந்து எடுத்த படம் மட்டும் இருந்தால் இடுப்பின் கணுக்களை (முடிச்சுப் போன்ற மேடுகளை) எண்ண முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

இடுப்பில் ஒரே கணு, வயிற்று நுனியில் கொடுக்குக்குப் பதில் மயிர் சூழ்ந்த வட்டத் துளை, உணர்கொம்பின் அடி வாய்மேல் தகட்டை ஒட்டாமல் சற்றுப் பின்தள்ளி, உடலில் முள் இல்லை: இவ்வளவும் பொருந்தினால் கம்போனோட்டஸ், அதாவது கட்டெறும்புப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி). நீங்கள் சொல்லும் நிறத்துக்கும் அளவுக்கும் நம் ஊர்க் கட்டெறும்பாகிய கம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்றே முதலில் சந்தேகிப்பேன். முசுறு ராணி பச்சையாக இருக்கும், குழப்பமே வராது. இரண்டு கணு இருந்தால் கதை வேறு: உணர்கொம்பு நுனியில் இரண்டு துண்டு தடித்திருந்தால் நெருப்பெறும்பு வகையைத் தேடலாம், மூன்று என்றால் ஃபைடோலே என்ற பேரினத்தின் பக்கம் போகலாம்.

நிறத்தை நம்பி இனம் சொல்லாதீர்கள். புதிதாக வெளிவந்த எறும்பு வெளிறியிருக்கும். அடையாள அட்டவணைகளும் பெரும்பாலும் வேலைக்காரிகளை வைத்தே எழுதப்பட்டவை. ராணியை மட்டும் பார்த்துப் பேரினம் வரை போகலாம், அதற்கு மேல் பல நேரம் ஊகம்தான். ஆகவே காத்திருங்கள். சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு. பிறகு இருட்டில் வையுங்கள், வாரம் ஒருமுறைக்கு மேல் எடுத்துப் பார்க்க வேண்டாம். அடிக்கடி அதிர்ந்தால் தன் முட்டையையே தின்றுவிடும். கட்டெறும்பு ராணி பறக்கும் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்ப்பதால் இரை தேவையில்லை. முதல் வேலைக்காரிகள் மிகச் சிறியவை, அவற்றை வைத்து அளவு முடிவு செய்யாதீர்கள். பிடித்த ஊர், தேதி, நேரம் குழாயிலேயே எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: மழைக்குப் பின் பறப்பதெல்லாம் ஈசல்தானே?
– வாசகி, தென்காசி

பதில்: இல்லை. ஈசல் கறையானின் சிறகு வடிவம்: நான்கு சிறகும் ஒரே நீளம், உணர்கொம்பு மணிகோத்தது போல நேராக, இடை ஒடுங்காது. எறும்புக்கு முன்சிறகு நீளம், உணர்கொம்பு முழங்கைபோல் மடியும், இடை நூலாக இருக்கும். விளக்குக்கு வரும் தடித்த பழுப்புக் குளவி போன்ற ஒன்றை ராணி என்று பிடித்து வைப்பார்கள். அது பெரும்பாலும் டோரிலஸ் என்ற படையெறும்பு வகையின் ஆண். அந்த வகை ராணிக்குச் சிறகே கிடையாது.